நான் எழுதிய கடல்

அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளர் என்றால் பெரிய உத்தியோகம் என்று ஊரில் நினைத்திருந்தார்கள். நானும் இல்லை என்று சொல்லப் போகவில்லை. உண்மையில் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் வரும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கி, யாரும் திறந்து பார்க்காத கோப்புகளில் சேர்ப்பதுதான் என் வேலை. சண்டைக் காலத்துக் கொழும்பில் அது ஒரு விசித்திரமான பிழைப்பு. கந்தோரில் தமிழ் எழுதச் சம்பளம் தந்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் தமிழ் கதைத்தால் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதனால் பஸ்ஸில் நான் வாய் திறப்பதில்லை.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கடைசிக்கு முந்தின வீட்டில் ஓர் அறை எடுத்திருந்தேன். அந்த வீட்டைத் தாண்டினால் ரயில் தண்டவாளம், பிறகு கருங்கல், பிறகு கடல். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி துருவேறிக் கிடக்கும். கை வைத்தால் விரல் சிவக்கும். ரயில் போகும்போதெல்லாம் மேசையில் இருக்கிற தேநீர்க் கோப்பை தானாக நகரும். வந்த புதிதில் அதைப் பிடித்து வைப்பேன். பிறகு அதன் பாட்டில் விட்டுவிட்டேன்.

மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். மனைவி அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். வீடும் அவளுடைய சீதன வீடு, கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். மாதம் ஒருமுறை நான் ரயிலில் போய் வருவதாகத்தான் ஏற்பாடு. முதலில் ரயில் நின்றது. பிறகு பாதையை மூடினார்கள். பிறகு போவதற்கும் வருவதற்கும் ஆமி, இயக்கம் என்று இரண்டு தரப்பிடமும் அனுமதி எடுக்க வேண்டும் என்று வந்தது. பிரிகிறோம் என்று ஒரு நாளும் சொல்லிக்கொள்ளாமலே, கொஞ்சம் கொஞ்சமாக நாங்கள் பிரிந்து போனோம்.

இது முடிவதற்கு ஒரு வழிதான் இருந்தது. மகள் உயர்தரப் பரீட்சை எடுக்கவிருந்தாள், உயிரியல் பிரிவில். நல்ல பெறுபேறு வந்து, கொழும்பிலோ பேராதனையிலோ பல்கலைக்கழகம் கிடைத்தால், அந்த அனுமதிக் கடிதத்தைக் காட்டி வெளியே வர இயக்கத்திடம் 'பாஸ்' எடுக்கலாம். துணைக்கென்று தாயும் வரலாம். வேறு காரணம் சொல்லி அந்த வயதுப் பிள்ளையை அங்கிருந்து கூட்டிவருவது நடக்கிற காரியம் அல்ல. ஆக, நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருந்து ஒரு நேரம் சாப்பிடுவது அவள் எழுதப்போகும் நாலு பாடத்தில் தங்கியிருந்தது. நான் வீட்டுக்காரரிடம் பக்கத்து அறையை அவர்களுக்காக வைத்திருக்கும்படி முன்கூட்டியே கேட்டேன்.

"முதல்ல பிள்ளை சோதனையை எழுதட்டும், பிறகு பாப்பம்" என்றார் அவர்.

அவர் சொன்னதில் பிழையில்லை. வெளிநாடு போகவென்று ஊரிலிருந்து வந்து நிற்பவர்களுக்கு அந்த அறையை மாறி மாறி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கிழமைக்கு ஒரு முகம். பெயர் கேட்டுப் பழகுவதற்குள் அவர்கள் பெட்டியோடு போய்விடுவார்கள். சில சனி, ஞாயிறுகளில் பாண் வாங்கும்போது கடையில் சொன்ன இரண்டு சிங்களச் சொல்லைத் தவிர வேறு ஒன்றும் பேசாமல் முழு நாளும் போயிருக்கும். பின்னேரம் தண்டவாள ஓரமாக பம்பலப்பிட்டி வரை நடப்பேன். திரும்பி வந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிடுவேன். தனிமை என்று அதற்குப் பெயர் வைக்கக்கூட எனக்கு அப்போது கூச்சமாக இருந்தது.

கடிதம் இருந்தது. ஆனால் எங்கள் கடிதத்தை எங்களுக்கு முன்னால் வேறு ஆட்கள் வாசித்தார்கள். அந்தப் பக்கமும் வாசித்தார்கள், இந்தப் பக்கமும் வாசித்தார்கள். அதனால் கடைசியாக நான் ஊருக்குப் போயிருந்தபோது மூன்று பேரும் குசினியில் அடுப்பைச் சுற்றி இருந்து ஒரு ஏற்பாடு செய்தோம். மழை என்றால் ஷெல்லடி. மாமா வந்து நிற்கிறார் என்றால் சுற்றிவளைப்பு. தேங்காய் கிடைக்கவில்லை என்றால் கொழும்பில் ஆட்களைப் பிடிக்கிறார்கள். கடல் என்றால் நேவி. கடல் உள்ளே வருகிறது என்றால் நேவி தரையிறங்கப் போகிறது.

"அப்ப உண்மையா மழை பெய்தால் எப்பிடி எழுதிறது?" என்று மகள் கேட்டாள்.

"மழையைப் பற்றி ஆர் கடிதம் எழுதிறது?" என்றாள் தாய்.

அன்றைக்கு மூன்று பேரும் சிரித்தோம். எங்களைப் போலத்தான் சனம் எல்லாம் எழுதியது. வடக்கிலிருந்து அந்த நாட்களில் வந்த கடிதங்களை இப்போது யாராவது எடுத்து வாசித்தால், அங்கே வருடம் முழுக்க மழை பெய்ததென்றும் வீட்டுக்கு வீடு மாமாமார் வந்து நின்றார்களென்றும் நினைப்பார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கையேடு என் மேசைக்கு வந்தது. பூமி சூடாகிறது, அதனால் என்னென்ன நடக்கும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விளக்கும் ஆங்கிலப் புத்தகம். தமிழில் ஆக்கி எல்லா மாகாணத்துக்கும் அனுப்ப வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பதுங்குகுழிக்குள் இருந்து படிக்கிற பிள்ளைகளிடம் போய், எங்கேயோ பனிமலை உருகுகிறது என்று சொல்லப்போகிறார்களாம். அவர்களுக்கு வேறு கவலையே இல்லையா என்று நினைத்தேன்.

நாலைந்து பக்கம் போனபின் சிரிப்பு நின்றுவிட்டது. புத்தகத்தை எழுதியவர் யாரோ, நல்ல மனிதராக இருக்க வேண்டும். பயமுறுத்தாமல், பொறுமையாகச் சொல்லிக்கொண்டு போனார். மலையில் இருக்கிற குருவி குளிர் தேடி இன்னும் மேலே போகும். உச்சிக்குப் போனபின் அதற்குப் போக இடமில்லை. மீன் வேறு தண்ணீர் தேடிப் போகும். காய்ச்சல் பரப்பும் நுளம்பு, இதுவரை போகாத ஊருக்கெல்லாம் போகும். மரத்துக்கு நடக்க முடியாது. அதன் விதைதான் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கும், அதற்குப் பல தலைமுறை பிடிக்கும். இதை எல்லாம் செய்கிறவர்கள் நாங்கள், அனுபவிக்கப் போகிறவர்கள் இன்னும் பிறக்காதவர்கள் என்று முடித்திருந்தார். அந்த வரியை மொழிபெயர்க்க எனக்கு ஒரு காலைப்பொழுது போனது.

குருவியும் மீனும் தாங்கள் இருக்கிற இடத்தை விட்டு வேறு இடம் போவதற்கு நான் 'இடம்பெயரும்' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது? அதற்கென்றே இருக்கிற சொல். எங்கள் பகுதியில் தமிழ் தட்டச்சு செய்தவர் புதுக்கடையைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர். கந்தோரில் நான் மனம் விட்டுக் கதைத்த ஒரே ஆள் அவர்தான். அந்தச் சொல் வந்த இடத்தில் அவருடைய விரல் நின்றது.

"இந்தச் சொல்லப் போட்டா பெரியவர் விட மாட்டார். இது அகதிச் சொல்" என்றார்.

"குருவிக்குத்தானே எழுதியிருக்கிறன்."

"குருவிக்கு எண்டு உங்களுக்கும் எனக்கும் தெரியும். வாசிக்கிறது யாழ்ப்பாணத்துப் பிள்ள. அது யார எண்டு நினைக்கும்?"

அவர் சொன்னபடியே ஆயிற்று. எங்கள் பகுதித் தலைவர் சிங்கள மனிதர், கெட்டவர் அல்ல. அவருக்கு வாசிக்கத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் மிகக் குறைவு. அவற்றில் இதுவும் ஒன்று. நிவாரணப் பட்டியல்களின் தலைப்பில் நாளாந்தம் பார்த்துப் பழகியிருந்தார். இதைக் கண்டால் அரசியல் என்று நினைப்பார்கள், மாற்றிவிடுங்கள் என்று ஆங்கிலத்தில் பக்குவமாகச் சொன்னார். நான் 'வாழிடம் மாறும்' என்று வெட்டி எழுதினேன். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் யாரில் கோபிப்பது என்று தெரியவில்லை. இடம்பெயர்தல் என்ற சொல்லை எங்கள் சனம் முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது. குருவிகளுக்கு மிச்சம் வைக்கவில்லை.

வேலையை முடிக்க வேண்டி அந்தக் கையேட்டை வீட்டுக்கும் கொண்டுபோனேன். அதில் இருந்த இலங்கைப் படத்தைத் தமிழ்ப் பெயர்களோடு நானே ஒரு தாளில் பிரதி எடுத்து, கடல் வரக்கூடிய கரையோரத்தைப் பென்சிலால் கறுப்படித்திருந்தேன். புத்தியுள்ளவன் செய்கிற காரியமா அது? கரையோரம் முழுக்கக் கறுப்படித்த நாட்டுப் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று பிறந்த இடம் போட்டிருக்க, வெள்ளவத்தைச் சோதனைச் சாவடியில் போய் நின்றேன். பையைத் திறந்த பொலிஸ்காரருக்கு என் வயதிருக்கும். படத்தை விரித்து, கறுப்பில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார்.

என்னுடைய உடைந்த சிங்களத்தில், கடல் உயரப் போகிறது, இவ்வளவு தூரம் உள்ளே வரும் என்றேன். அவர் யாரையும் கூப்பிடவில்லை. படத்தைத் தலைகீழாகத் திருப்பி, தெற்குக் கரையில் ஓர் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். அது கறுப்புக்குள் இருந்தது.

"கவத்த?" என்று கேட்டார். எப்போது என்று அர்த்தம்.

எங்கள் காலத்தில் இல்லை, பிள்ளைகளின் பிள்ளைகள் காலத்தில் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, மடித்திருந்த அதே மடிப்பில் படத்தை மடித்து என் பைக்குள் வைத்தார். போங்கள் என்று கை காட்டினார். அறைக்கு வந்து சேர்ந்தபோது பயம் போய், ஒருவிதமான ஏக்கம் மிச்சமிருந்தது. அவர் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம் என்று இருந்தது. கடலைப் பற்றி என்னோடு அவ்வளவு அக்கறையாகக் கதைத்தவர் வேறு ஒருவரும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கிணறுகளைப் பற்றிய அதிகாரத்துக்கு வந்தேன். சுண்ணாம்புக் கல் நிலத்தில் மழைநீர் கீழே இறங்கி, கடல்நீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக நிற்குமாம். கடல் உயர்ந்தால் அந்தப் படை மெலியும், கிணறு உப்பாகும். புத்தகம் பொதுவாகத்தான் சொல்லியிருந்தது. எனக்கோ எங்கள் வளவுக் கிணறு கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. கோடையில் ஏற்கனவே அது லேசாகச் சவர்க்கத் தொடங்கியிருந்தது, தேநீரில் தெரியும். தாயின் சீதன வீடு மகளுக்கு, மகளிடமிருந்து அவளுடைய மகளுக்கு என்றுதான் எங்கள் பக்கத்தில் வீடு இறங்கி வரும். எந்தப் பேத்தியின் காலத்தில் அந்தக் கிணற்றில் வாய் வைக்க முடியாமல் போகும் என்று எண்ணத் தொடங்கினேன். எண்ணி முடித்தபோது என்னால் அறைக்குள் இருக்க முடியவில்லை. இதை யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. பக்கத்து அறையில் இருந்தவர் முந்தின நாள்தான் விமானம் ஏறியிருந்தார்.

மகளுக்கு எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம் எழுதினேன். ஏறக்குறைய இப்படி எழுதியதாக ஞாபகம்:

'கடல் உள்ளே வரப்போகிறது. இது வீண் கதையல்ல, கந்தோரில் எழுத்தில் பார்த்தேன். எப்போது என்று சரியாகச் சொல்ல முடியாது, ஆனால் வருவது நிச்சயம். கரையோரத்தில் இருக்கிறவர்கள்தான் முதலில் பாதிக்கப்படுவார்கள். வீட்டை நினைத்து மனம் கலங்காமல், மேட்டுப் பக்கமாக ஓர் இடம் பார்த்து வைப்பது புத்தி. அக்கம்பக்கத்தவர்களுக்கும் பக்குவமாகச் சொல்லுங்கள். பின்னால் வரப்போகிற பிள்ளைகளை யோசித்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.'

குருவி மலையேறுவதையும் மரம் நடக்க முடியாமல் நிற்பதையும் எழுதினேன். அவள் உயிரியல் படிக்கிறவள், ரசிப்பாள் என்று நினைத்தேன். வருடக்கணக்காக மாமாவையும் தேங்காயையும் எழுதிக் களைத்தவனுக்கு, நினைத்ததை நினைத்தபடி எழுதுவது உடம்புக்கே சுகமாக இருந்தது. ஒட்டும்போது நல்ல தமிழில் எழுதியிருக்கிறேன் என்ற திருப்தி வேறு. ஊருக்குத் திரும்பும் ஓய்வு பெற்ற ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அவர் வவுனியாவுக்குப் போய், அங்கே நாள் கணக்கில் காத்திருந்து, பிறகு நீரேரியைப் படகில் கடந்து போக வேண்டும்.

சோதனை தொடங்கியது. கந்தோரில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்து, இப்போது வினாத்தாள் கொடுத்திருப்பார்கள், இப்போது முதல் கேள்வியை முடித்திருப்பாள் என்று நானே அவளோடு எழுதிக்கொண்டிருந்தேன். தாவரவியல் அவளுக்குக் கொஞ்சம் பயம் என்று தெரியும். அன்று காலை வேளைக்கே எழும்பி பம்பலப்பிட்டிக் கோயிலுக்குப் போய் அவள் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வேலைக்குப் போனேன். மனம் அன்றைக்கு ஆறுதலாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து மனைவியின் கடிதம் வந்தது. ஒரு பக்கத்துக்கும் குறைவு. நான் எழுதியது பரீட்சை நடந்துகொண்டிருந்த கிழமையில், தாவரவியலுக்கு முந்தின நாள் மத்தியானம் கைக்குக் கிடைத்ததாம். பின்னேரமே இரண்டு பேரும் சைக்கிளில் வெளிக்கிட்டு, உள்ளே எட்டுக் கட்டை தூரம் தள்ளி இருந்த ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒழுங்கையில் ஒன்பது வீட்டுக்காரரும் அவர்களைப் பார்த்து வெளிக்கிட்டார்கள். பரீட்சை மண்டபம் கரையோரத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. காலையில் மகள் போகப்போகிறேன் என்று நின்றிருக்கிறாள். தாய் சைக்கிளைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டாள். மூன்று நாள் அங்கே இருந்தார்கள்.

'கடல் வரவில்லை' என்று எழுதியிருந்தாள். 'பிள்ளை தாவரவியல் எழுதவில்லை. உங்களுக்கு இதைச் சொன்னது ஆர் என்று தெரியாது. இனி நிச்சயம் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள்.'

என்ன சொல்கிறாள் என்று எனக்கு முதலில் விளங்கவே இல்லை. கடைசியில் மகளின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. 'அப்பா, நீங்கள் எழுதினது எந்தக் கடல்?'

அதை வாசித்தபோதுதான் விளங்கியது. வீட்டுக்காரரின் கேற்றடியில் கடிதத்தோடு நின்றவன் அப்படியே படியில் இருந்துவிட்டேன். சொன்னால் வெட்கம், முதலில் அவர்கள் மேல்தான் கோபம் வந்தது. குருவியும் மரமும் எழுதியிருந்தேனே, நேவிக்கும் குருவிக்கும் என்ன சம்பந்தம், அதைப் பார்த்தாவது யோசித்திருக்கக்கூடாதா? ஆனால் மறைத்து எழுதுகிறவன் குருவியையும் கூட எழுதத்தானே செய்வான். நாங்கள் குசினியில் இருந்து செய்த ஏற்பாட்டை அவர்கள் நம்பினார்கள், நான் மறந்துவிட்டேன். அன்றைக்கு நான் அழுதேன். பெரிய மனிதன் படியில் இருந்து அழுகிறானே என்று ஒழுங்கையால் போனவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த நாள் தட்டச்சுக்காரரிடம் சொன்னேன். "அடுத்த வருசம் எழுதலாம்தானே" என்றார் அவர். அதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உண்மையான கடல்தான், உப்புத் தண்ணீர்க் கடல்தான் என்று பதில் எழுதினேன். அனுப்பிய பிறகுதான், உப்புத் தண்ணீர் என்பதற்கும் ஏதாவது அர்த்தம் தேடுவார்களோ என்று பயம் வந்தது. ஊரில் எங்கள் பெயர் கெட்டதை வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன். பொய்ச் செய்தி ஏதும் பரவினால், "இதுவும் கொழும்புக் கடலோ?" என்று பகிடி விடுவார்களாம். வெளிக்கிட்டுப் போன மூன்று நாளில் ஒருவருடைய ஆடுகள் களவு போய்விட்டன. அவர் என் மனைவியோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

அடுத்த வருடம் மகள் திரும்பப் பரீட்சை எழுதவில்லை. அதற்கு முன்பே ஊரே வெளிக்கிட வேண்டி வந்தது. அந்த முறை யாரும் கடிதம் எழுதி எச்சரிக்கவில்லை. வன்னிக்குப் போனார்கள், அங்கே மரத்தடியில் இருந்தார்கள், பிறகு வவுனியாவில் முகாமில் இருந்தார்கள். எல்லாம் கடந்து வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தபோது மகளுக்குப் படிக்கிற வயது போய்விட்டது. கலியாணப் பேச்சு வந்துவிட்டது. வீட்டைக் கடல் எடுக்கவில்லை. முள்ளுக்கம்பி அடித்து ஆமி எடுத்துக்கொண்டது.

பக்கத்து அறை கடைசியில் எங்களுக்குக் கிடைத்தது, நாற்பது நாளைக்கு. மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். நான் அவ்வளவு காலம் காத்திருந்த சாப்பாடு அது. ஆனால் எங்களிடம் பேச்சு வரவில்லை. கறிக்கு உப்புக் காணுமோ, தண்ணீர் எடுக்கட்டோ என்ற அளவில் நின்றது. ஒரு நாள் அச்சான கையேட்டை மகளிடம் கொடுத்தேன். அவள் பக்கங்களைத் தட்டிப் பார்த்தாள்.

"நல்லா எழுதியிருக்கிறியள் அப்பா" என்று சொல்லி மேசையில் வைத்தாள்.

"பிள்ளை, நான் அண்டைக்கு எங்கட ஏற்பாட்டை மறந்துபோய்…" என்று தொடங்கினேன்.

"விடுங்கோ அப்பா" என்றாள். மனைவி எழும்பிக் குசினிப் பக்கம் போய்விட்டாள். பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. நாற்பதாவது நாள் மகள், முன்பின் பார்த்திராத ஒருவரைக் கலியாணம் செய்யப் பனி நாட்டுக்கு விமானம் ஏறினாள். இரண்டு வருடத்தில் அவளுக்குப் பிள்ளைப்பேறு என்று மனைவியும் போனாள். ஆறு மாதம் என்று போனவள், பேரனை விட்டுவர மனமில்லாமல் அங்கேயே நின்றுவிட்டாள். நான் ஓய்வூதியத்துக்கு இன்னும் கொஞ்சக் காலம் இருக்கிறது என்று நின்றேன். பக்கத்து அறைக்குத் திரும்பவும் கிழமைக்கு ஒரு முகம் வரத் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் காலி வீதியில் ஒரு 'கொமியூனிகேஷன்' கடைக்குப் போய்ப் போன் எடுப்பேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வேர்க்க வேர்க்க நின்று கதைக்க வேண்டும். நான் சொல்வது போய்ச் சேர்ந்து, அவர்கள் சொல்வது திரும்பி வர ஒரு கணம் பிடிக்கும். அந்தக் கணத்தில் நான் மறுபடி பேசிவிடுவேன். இரண்டும் மோதி ஒன்றும் விளங்காது. ஒரு ஞாயிறு மகள் தனியாக இருந்தாள், தாய் கடைக்குப் போயிருந்தாள். பின்னால் பேரன் அழுதுகொண்டிருந்தான்.

"இஞ்ச இந்த வருசம் ஸ்னோ இன்னும் விழேல்லை அப்பா. முந்தி இப்பிடி இல்லையாம், இஞ்சத்தைய ஆக்கள் சொல்லுகினம்."

"அதுதான் பிள்ளை, நான் அப்பவே…" என்று தொடங்கியவன் நாக்கைக் கடித்துக்கொண்டேன். பிறகு, இவ்வளவு காலம் கழித்து இனி என்ன என்று துணிந்து கேட்டேன். "உனக்கு என்னில கோவமோ?"

"ஏன்?"

"அந்தக் கடிதத்துக்கு. மழையையும் கடலையும் மாத்தி வைச்சிருந்தம் எண்டதை மறந்துபோய் எழுதிப்போட்டன்."

பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டிருக்க வேண்டும். அழுகை ரிசீவருக்குக் கிட்டக் கேட்டு, பிறகு அடங்கியது.

"அதாலை இல்லை அப்பா" என்றாள். "அம்மா உங்களுக்குச் சொல்லேல்லைப் போல. அம்மா முதல்ல நம்பவே இல்லை. அப்பா ஏதோ புத்தகத்தில வாசிச்சதை எழுதியிருக்கிறார் எண்டு சிரிச்சவ. நானும் அப்பிடித்தான் நினைச்சனான். பிறகு அம்மா நாலு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பாத்தவ. 'உன்ர சோதனையைப் பற்றி இதில ஒரு சொல்லும் இல்லை. ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரியே அதுதான். அந்த மனுசன் அதைக் கேக்காமல் விடாது. அப்ப இது வேற விசயம்தான்' எண்டு சொல்லிப்போட்டு உடுப்பு அடுக்கத் தொடங்கினவ."

கண்ணாடிக்கு வெளியே அடுத்த ஆள் காத்துக்கொண்டு நின்றார். நான் அந்த நாலு பக்கத்தையும் மனதுக்குள் ஒரு தரம் வாசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒவ்வொரு நாளும் அதையே நினைத்துக்கொண்டிருந்ததால் எழுதிவிட்டதாகவே எண்ணி இருந்திருக்கிறேன். குருவிக்கும் மரத்துக்கும், அவள் பெறாத பிள்ளைகளுக்கும் அவர்கள் பெறப்போகும் பிள்ளைகளுக்கும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தேன்.

"அப்பா, நிக்கிறியளோ?"

"ஓம் பிள்ளை, நிக்கிறன்."

அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்டேன்.

"தாவரவியல் நல்லாப் படிச்சிருந்தனியோ?"

நான் கேட்டது போய்ச் சேர்ந்து, பதில் வரும்வரை பேசாமல் பொறுத்திருந்தேன்.

"ஓம் அப்பா" என்றாள். "முழுக்கப் படிச்சிருந்தனான்."